வயலில் இறங்கிய வண்டியை எடுக்க ஹைட்ரா மட்டும் போதுமா?

நவம்பர் 11, காலை – கேள்வி

மன்னார்குடி – நீடாமங்கலம் சாலையில் நேற்று ராத்திரி மாமாவின் இன்னோவா வயலில் இறங்கிவிட்டது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது சாலையோர மண் சரிந்திருக்கிறது. வண்டியில் இருந்த யாருக்கும் அடி இல்லை. ஓர் ஆள் உயரப் பள்ளம், நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர், முழங்கால் சேறு. முன் சக்கரம் இரண்டும் முழுக்கப் புதைந்துவிட்டன. ஹைட்ரா (டயரில் ஓடும் சின்ன கிரேன்) வந்தால் பத்து நிமிஷ வேலை என்கிறார் ஒருவர். ஜேசிபிக்காரர் பக்கெட்டில் சங்கிலி போட்டு இழுத்துவிடலாம் என்கிறார். எது நல்லது?

நவம்பர் 11, காலை 8.20 – பதில்

பத்து நிமிஷ வேலைதான் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேர வேலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

முதலில் இதற்கெல்லாம் பதில் போடுங்கள். வண்டிக்கு மேலே மின்கம்பி போகிறதா? தார் விளிம்பிலிருந்து வண்டி எவ்வளவு தூரம்? வயல் யாருடையது, அவரிடம் பேசியாயிற்றா? வண்டி கியரில் நிற்கிறதா, நியூட்ரலிலா? ராத்திரி யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் இனியும் வேண்டாம். சாவியை எடுத்து மாமாவின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.

ஜேசிபிக்காரரை இப்போதைக்கு வயலில் இறக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஊறிய வயலில் இறங்கினால் அப்புறம் எடுக்க வேண்டியது இரண்டு வண்டி.

நவம்பர் 11, காலை 9.05

ஹைட்ரா பற்றி. பக்கவாட்டில் 14 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'இன்னோவா 2 டன்கூட இல்லையே' என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 14 டன், பூமை (கிரேனின் நீளும் கையை) முழுக்கச் சுருக்கி, மூக்குக்கு நேர் கீழே இருக்கும் சுமையைத் தூக்கும்போதுதான். பூமை நீட்ட நீட்டத் தூக்கும் பலம் மளமளவென்று குறையும். இருபதடி தள்ளி வயலில் கிடக்கும் வண்டிக்கு எட்டும்படி நீட்டினால், தூக்கும் திறன் அட்டவணையில் அந்த இடத்தில் வேறு எண் இருக்கும். அந்த அட்டவணை ஆபரேட்டர் கேபினிலேயே ஒட்டியிருக்கும். பாதி வண்டிகளில் அதன் மேல் சாமி படம் ஒட்டியிருப்பார்கள்.

இன்னொன்று, ஹைட்ரா தன் டயரிலேயே நின்று தூக்குகிற வண்டி. பெரிய கிரேன் மாதிரி கால் ஊன்றாது. சுமை முழுக்க முன் டயரில் இறங்கும். அந்த முன் டயர் நிற்கப்போகிற இடம், நேற்று ராத்திரி இன்னோவாவுக்கே தாங்காத அதே மண் ஓரம்.

ஹைட்ரா வேண்டாம் என்று சொல்லவில்லை. தாருக்கு நடுவில் நிற்கட்டும். தூக்க வேண்டாம், நங்கூரமாக நிற்கட்டும். வண்டி மேட்டு விளிம்புக்கு வந்த பிறகு மூக்கை மட்டும் ஒரு சாண் தூக்கிக் கொடுத்தால் போதும்.

நவம்பர் 11, பகல் 11.40

கம்பி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தாமல் பூம் மேலே எழும்பக் கூடாது. பம்புசெட்டுக்குப் போகிற கம்பி நம் பக்கம் வயலுக்கு மேல் தொய்ந்துதான் கிடக்கும். பூம் தொட வேண்டும் என்றுகூட இல்லை, உயரழுத்தக் கம்பி என்றால் கிட்டத்தில் போனாலே பாயும். கீழே ரோப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பவன்தான் முதலில் போவான்.

நவம்பர் 11, பகல் 12.10

எவ்வளவு இழுவை வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மீட்பு வேலையில் பழைய கணக்கு ஒன்று உண்டு, ராணுவத்தில் சொல்லிக்கொடுப்பது. சக்கரம் வரை புதைந்தால் வண்டி எடை அளவுக்கு இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. பாடி மூழ்கப் புதைந்தால் மூன்று மடங்கு. இது போக மேட்டில் ஏற்ற வேண்டும்: 45 டிகிரி சரிவு என்றால் எடையில் முக்கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னோவா 1.8 டன் என்று வையுங்கள். சக்கர அளவுப் புதைவுக்கு 1.8, ஏற்றத்துக்கு 1.35. மூன்று டன்னைத் தாண்டிவிட்டது. மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த நைலான் கயிறு எதற்கு ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த மூன்று டன்னைக் குறைக்கிற சாமான் மண்வெட்டி. களியில் வண்டி பிடித்துக்கொண்டு நிற்பதற்கு எடை பாதிதான் காரணம். மீதி, அடித்தட்டும் டயரும் சேற்றோடு ஒட்டி, நடுவில் காற்று நுழையாமல் இருப்பது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், இழுக்கப்போகிற திசையில், ஒரு முழம் நீளத்துக்குச் சரிவாக வெட்டிவிடுங்கள். அப்புறம் அடித்தட்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். சேறு முட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டிலிருந்து ஒரு பள்ளம் பறித்துத் தண்ணீர் உள்ளே ஓடும்படி விடுங்கள். 'ஏற்கெனவே சேறு, இதில் தண்ணீர் வேறா?' என்பார்கள். தண்ணீரும் காற்றும் போகிற இடத்தில்தான் பிடி விடும். 'சொளக்' என்று ஒரு சத்தம் வரும், வண்டி தானாகவே ஒரு விரற்கடை எழும்பும். அந்தச் சத்தம் வரும் வரை வின்ச்சில் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் உருளை) கை வைக்காதீர்கள்.

நவம்பர் 11, இரவு 10.30

வண்டி சாயங்காலம் வெளியே வந்துவிட்டதாகச் செய்தி. நல்லது. ஹைட்ரா தாரில் நின்றது, லைன்மேன் வந்தார், சேற்றை வெட்டிவிட்டு இழுத்தார்கள், பம்பர் மட்டும் போயிற்று. பம்பர் போனது சேற்றால் அல்ல, யாரோ அதில் கொக்கி மாட்டியதால்.

கொக்கி மாட்டும் இடம் பற்றி முன்பே எழுதியிருக்கலாம். டூல் பையில் ஒரு வளையம் இருக்கும், பம்பரில் சின்ன மூடியைத் திறந்து திருகுவது. அது சமதரையில் ஓடாத வண்டியை நேராக இழுத்துப் போக. சேற்றிலிருந்து பிடுங்குவதற்கோ பக்கவாட்டில் இழுப்பதற்கோ அல்ல. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் சங்கிலி மாட்டினால் வண்டி வரும், வீல் அலைன்மென்ட் வராது. சேஸிஸ் (பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம்) உள்ள வண்டியில் அதன் குறுக்குச் சட்டத்தில் இழுவைப் பெல்ட் போடுங்கள். சேஸிஸ் இல்லாத சின்னக் கார் என்றால் இரண்டு பின் சக்கரத்திலும் பெல்ட்டைச் சுற்றி, இரண்டையும் ஒரு ஷாக்கிளில் (பின் போட்டு மூடும் இரும்பு வளையம்) சேர்த்து இழுப்பது நல்லது. அந்த இரண்டு பெல்ட்டும் நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்து நடுவில் விரிந்துவிட்டால், 120 டிகிரி கோணத்தில் ஒவ்வொரு பெல்ட்டும் முழுச் சுமையையும் தாங்குகிறது. பாதிப் பாதி என்கிற கணக்கு அங்கே செல்லாது.

நவம்பர் 12, காலை

'நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தால் எந்த வண்டியும் வந்துவிடும்' என்று எழுதியவருக்கு: வரும். எங்கே போகும் என்பதுதான் கேள்வி. திருவாரூர் ஆழித்தேரில் வடம் பிடிக்கிற ஆயிரம் பேரைவிட, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரிடம்தான் தேர் இருக்கிறது. இங்கேயும் அதேதான். ஒவ்வொரு முழம் ஏறியதும் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட ஓர் ஆள் வேண்டும். கயிறு விட்டால் வண்டி கட்டையில் நிற்க வேண்டும், ஆள் மேல் அல்ல.

அதோடு ஒருவர் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். நம் ஊரில் வண்டி விழுந்த பத்தாவது நிமிஷம் பொறியாளர்கள் இருபது பேர் கூடிவிடுவார்கள், அதில் பாதிப் பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே யோசனை சொல்வார்கள். ஆபரேட்டர் யாரைப் பார்ப்பார்?

நவம்பர் 12, மாலை

கப்பிச் சண்டை. 'கப்பியை மரத்தில் கட்டி ரோப்பைத் திருப்பினேன், பலம் இரட்டிப்பு ஆயிற்று' என்று திருவாரூர் நண்பர் எழுதியிருக்கிறார். ஆகாது அண்ணே. மரத்தில் நிற்கிற கப்பி திசையை மட்டும்தான் மாற்றும். பலம் இரட்டிப்பாக வேண்டும் என்றால் கப்பி, விழுந்துகிடக்கும் வண்டியில் இருக்க வேண்டும். வின்ச்சிலிருந்து போகும் ரோப் அந்தக் கப்பியைச் சுற்றித் திரும்பிவந்து, வின்ச் பக்கமே அசையாத ஓர் இடத்தில் கட்டப்பட வேண்டும். அப்போது வின்ச் ஒரு டன் இழுத்தால் வண்டிக்கு இரண்டு டன். அதற்கு விலை, வேகம் பாதியாகும், ரோப் இரண்டு பங்கு வேண்டும்.

உங்கள் முறையில் இரட்டிப்பு ஆனது ஒன்று உண்டு, மரத்தின் மேல் விழுந்த சுமை. ரோப் போன வழியே முழுக்கத் திரும்பினால் கப்பியைப் பிடித்திருக்கும் மரம் இரண்டு மடங்கு தாங்குகிறது. செங்கோணத்தில் திரும்பினால் 1.4 மடங்கு. அன்று மரம் தாங்கியதற்கு மரத்துக்கு நன்றி சொல்லுங்கள்.

நவம்பர் 13

மரம் என்றதும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. டெல்டாவில் சாலையோரம் கைக்கு எட்டும் மரம் தென்னை. ஆளுக்கு ஆள் அதில்தான் ரோப்பைச் சுற்றுகிறார்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் கற்றையாக மேலாகப் பரவும் சல்லிவேர். காய்ந்த மேட்டில் அது பிடிக்கும். வாய்க்கால் கரையில், மழை ஊறிய மண்ணில், பக்கவாட்டு இழுவைக்கு வேர்க்கட்டோடு பெயர்ந்து வரும். 2018 நவம்பரில் கஜா புயல் போன மறுநாள் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

புளி, பூவரசு, வேம்பு கிடைத்தால் யோசிக்காமல் அதற்குப் போகலாம். அதிலும் தரையோடு தரையாக, அடிமரத்தில் கட்டுங்கள். நெஞ்சுயரத்தில் கட்டினால் மரத்தை நெம்புகோலாக்கி நீங்களே சாய்க்கிறீர்கள். கம்பி ரோப்பை நேராகச் சுற்றாமல் அகல பெல்ட் போடுங்கள். கம்பி பட்டையை வட்டமாக அறுத்துவிட்டால் அந்த மரம் அடுத்த வருஷம் பட்டுப்போகும். சாலைப் புளியமரம் அரசாங்கத்துடையது, நிழல் ஊர்க்காரர்களுடையது.

மரமே இல்லாத இடமும் உண்டு. திருத்துறைப்பூண்டி தாண்டி உப்பளம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டும் வரை ஒன்றும் இருக்காது. அங்கே நெஞ்சளவு குழி தோண்டி, இழுவைக்குக் குறுக்காக ஒரு தென்னந்துண்டைப் படுக்க வைத்துப் புதைப்போம். நடுவில் பெல்ட்டைச் சுற்றி, பெல்ட் வெளியே வர ஒரு சரிவுப் பள்ளம் மட்டும் விட்டு, மேலே மண் போட்டு மிதிப்போம். வேரே இல்லாத தென்னை அங்கே நன்றாகப் பிடிக்கும். மேலே தென்னையைத் திட்டியதற்கு இது பரிகாரம்.

நவம்பர் 13, இரவு

தண்ணீர் விடுவது எல்லா மண்ணுக்கும் ஆகாது என்று ஒரத்தநாட்டு அண்ணன் சொல்வது சரி. மண்வெட்டி, தண்ணீர் விடுவது, 'சொளக்' எல்லாம் களிமண்ணுக்கு. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வயலுக்கு. கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் பல இடங்களில் செம்மண், சரளை. அங்கே தண்ணீர் விட்டால் இருந்த பிடிப்பும் கரையும். அங்கே சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு இழுத்தால் போதும்.

கொள்ளிடத்து மணல் மூன்றாவது ஜாதி. அங்கே டயர் காற்றைப் பாதி இறக்கினாலே சில வண்டி தானாக வந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அச்சு வரை இறங்கும்.

நவம்பர் 15

வயல்காரர் விவகாரம். இன்னோவா தம்பி இதை ஒரு வரியில் முடித்துவிட்டார்: 'அவர் கொஞ்சம் சத்தம் போட்டார்'. போடாமல்? அவர் பார்வையில் யாரோ ஒருவர் ராத்திரி வந்து பயிரில் வண்டியை விட்டார். காலையில் ஐம்பது பேர் வரப்பை மிதித்து நெரித்தார்கள். மடை உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போயிற்று. முறை வைத்து விட்ட தண்ணீர் அது, போனால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் கசிந்திருந்தால் அந்த இடத்தில் பயிர் கருகும்.

நான் எப்போதும் வயல்காரரைத்தான் முதலில் தேடுவேன். எந்த வழியாக இழுத்தால் சேதம் குறைவு, எந்த மூலையில் தரை கெட்டி, எங்கே பழைய கிணறு மூடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். போன வருஷம் சேரங்குளம் பக்கம் ஒரு பெரியவர் வரப்பில் நின்றபடியே, 'அந்தப் பக்கம் இழுக்காதப்பா, அது எங்க அப்பா காலத்துக் குட்டை' என்றார். கம்பியை விட்டுப் பார்த்தோம், இடுப்பளவு போயிற்று. பேசும்போதே மூன்று விஷயம் முடித்துவிடுங்கள்: மிதிபட்ட பயிருக்கு எவ்வளவு, வரப்பை யார் அணைத்துக் கொடுப்பது, எண்ணெய்ச் சேற்றை யார் வாரி எடுப்பது. வண்டி மேலே ஏறிய பிறகு பேசினால் வண்டிக்காரருக்குக் காது கேட்காது.

நவம்பர் 19

வெண்ணாற்றில் கார் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. ஆறு வேறு கதை. முதல் கேள்வி, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதுதான். 108, 112, தீயணைப்புக்கு 101. ஆள் வெளியே வரும் வரை வண்டியைப் பற்றிப் பேச்சே கிடையாது, யாரும் ரோப் போட்டு இழுக்கவும் கூடாது. உருண்டால் உள்ளிருப்பவர் கதி என்ன?

நீங்களே உள்ளே இருந்தால்: சீட் பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, வெளியே ஏறு. கதவைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் அது திறக்காது. பவர் விண்டோ விழுந்தவுடன் கொஞ்ச நேரம் வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். போனைத் தேடாதே.

ஆள் எல்லாம் வந்துவிட்டார்கள் என்றால் அவசரம் முடிந்துவிட்டது. தண்ணீர் வேகமாகப் போகிறது என்றால் ஆற்றுத் தலைப்பில், தண்ணீரைத் திறந்துவிடும் இடத்தில், ஷட்டரைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேட்கலாம். ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத்துறை லஸ்கரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவராக இறக்க முடியாது, மேலே கேட்டுத்தான் செய்வார். காவல்துறை மூலமாகப் போனால் சீக்கிரம் நடக்கும். இறக்கிய உடனே இங்கே மட்டம் குறையாது. தென்பெரம்பூரில் இறக்கியது நீடாமங்கலத்துக்குத் தெரிய நேரமாகும். இருட்டுகிற நேரம் என்றால் வண்டி அடித்துக்கொண்டு போகாதபடி ஒரு ரோப்பை மட்டும் கட்டிவைத்துவிட்டுக் காலையில் எடுங்கள். மேட்டூர் ஜனவரி 28-இல் மூடுகிற வரை தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், அதற்காகக் காத்திருக்க முடியாது.

நவம்பர் 19, சற்றுப் பிறகு

இதை விட்டுவிட்டேன். தண்ணீரிலிருந்து இழுக்கும்போது மெதுவாக. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். கார் அறைக்குள் இரண்டு மூன்று டன் தண்ணீர் சுலபமாகத் தங்கும். மூழ்கி இருக்கும்வரை அந்தத் தண்ணீர் சுமையாகத் தெரியாது. கார் மட்டத்துக்கு மேலே வர வர ரோப்பில் தெரியும். ரோப் அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கதவோ கண்ணாடியோ திறந்திருக்க வேண்டும். கூரை தெரிந்ததும் நிறுத்தி, வடியவிட்டு, மறுபடி கொஞ்சம். பக்கத்தில் நிற்கிறவர்கள் 'இழு இழு' என்பார்கள்.

புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், கான்கிரீட் சரிவு போட்ட இடங்களில் இழுப்பது லேசு, சேறு இல்லை. ஆனால் பாசி பிடித்த சரிவில் ஆளுக்குக் கால் நிற்காது. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்க வேண்டாம்.

மின்சார வண்டி என்றால் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள். வெளியே எடுத்த பிறகும் வீட்டுத் திண்ணையோரம் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், நனைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

நவம்பர் 20

ரோப் அறுவது பற்றி இரண்டு வரி. இழுவையில் இருக்கும் கம்பி ரோப் அறுந்தால் அது விழாது, சுழலும். அப்படிக் காலை இழந்தவர் கதை நம் பக்கத்தில் உண்டு. ரோப் நடுவில் ஈரச் சாக்கு இரண்டைப் போட்டுவிடுங்கள், துள்ளும் வேகம் குறையும். அதற்காகப் பக்கத்தில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. ரோப் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் வேண்டாம். ரோப்பைத் தாண்டிப் போகவே கூடாது. பள்ளிக்கூடம் விட்ட நேரம் என்றால் வேலையை அரை மணி தள்ளிப்போடுங்கள்.

ஷாக்கிள் பின்னை முழுக்கத் திருகி, அப்புறம் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். இறுக்கிவிட்டால் சுமை ஏறிய பிறகு கழற்ற சுத்தியல் வேண்டும்.

நவம்பர் 24

டிராக்டரை மறந்துவிட்டீர்களே என்று இரண்டு பேர். மறக்கவில்லை, பயம். நம் பக்கம் எந்த வண்டி விழுந்தாலும் முதலில் வருவது டிராக்டர்தான். வந்தவர் கயிற்றை எதில் கட்டுகிறார் என்று பாருங்கள். பின் அச்சுக்கு மேலே, சீட்டுக்குக் கீழே இருக்கிற ஏதாவது கம்பியில் கட்டினால், கயிறு விறைத்ததும் முன் சக்கரம் எழும்பும். கிளட்ச்சை மிதிக்க யோசிப்பதற்குள் டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். அச்சுக்குக் கீழே, இழுப்பதற்கென்றே இருக்கும் டிராபார் சட்டத்தில் மட்டும் கட்ட வேண்டும். கயிற்றைத் தளர்வாக விட்டுக் குதித்து இழுக்காமல், விறைப்பு வந்த பிறகு மெல்லக் கொடுக்க வேண்டும். முடியவில்லை என்றால் முடியவில்லை. பிள்ளைகளை மட்கார்டில் உட்காரவைத்துக்கொண்டு இழுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 2

போலீஸ், இன்சூரன்ஸ். சுருக்கமாக.

யாருக்காவது பலத்த காயம் அல்லது உயிரிழப்பு என்றால் போலீஸ் வந்து பார்த்து மகஜர் (சம்பவ இட அறிக்கை) எழுதுவதற்குள் வண்டியை நகர்த்தாதீர்கள். ஆளை எடுக்க வண்டியை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் நகர்த்துங்கள், அது வேறு. அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பார். உதவி செய்யப் போனால் கேஸில் இழுப்பார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு. பேரைச் சொல்லவே கட்டாயமில்லை.

காயம் ஏதும் இல்லை என்றாலும் கயிறு மாட்டுவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் 'இந்த அடி விழுந்ததால் வந்ததா, இழுத்ததால் வந்ததா' என்று கேட்பார். கேட்பது நியாயம்தான். சாதாரண கார் பாலிசியில் வண்டியை எடுத்து ஒர்க்ஷாப்பில் சேர்க்கும் செலவுக்கு 1,500 ரூபாய்தான் வரம்பு, கூடுதலாக எடுத்திருந்தால் ஒழிய. அதில் ஹைட்ரா சாவியைத் திருப்பக்கூடக் காணாது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காதவருக்குப் பெரும்பாலும் பணம் வராது. முதல் நாள் சாவியைச் சட்டைப் பையில் போடச் சொன்னது அதற்குத்தான்.

டிசம்பர் 2, இரவு

சரக்கு வண்டி விழுந்தால் கூடுதலாக ஒரு பிரச்சினை, சரக்கு. மீன் லாரி கவிழ்ந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். நாங்கள் போகும்போது வண்டி காலியாக, லேசாக, கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. டிரைவர் மட்டும் நெத்திலி வாசனையோடு கல்வெர்ட்டில் உட்கார்ந்திருந்தார். ஹைட்ரா வருவதற்கு ஒரு மணி நேரம், கூடை வருவதற்கு ஒரு நிமிஷம்.

ஜனவரி 21

பொங்கல் முடிந்து அறுவடை தொடங்கிவிட்டது, இந்தக் கேள்வி-பதில் இழைக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. இனி வரப்போகிறது நெல் லாரியும் வைக்கோல் லாரியும்.

கொள்முதல் நிலையத்து லாரி சரிந்தால் முதலில் இறக்குங்கள். மூட்டை 40 கிலோ, 250 மூட்டை என்றால் பத்து டன். இறக்காமல் நிமிர்த்தப் பார்த்தால் லீஃப் ஸ்பிரிங் பிடுங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் பாடி கழன்று வரும். அரசு நெல் என்பதால் எண்ணி எழுத ஆள் வர வேண்டும். காத்திருங்கள், தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காத்திருங்கள்.

வைக்கோல் லாரிக்கு எடை குறைவு, உயரம் அதிகம். சாய்ந்தபடி நிற்கிற லாரியை எதிர்ப்பக்கம் கட்டிப் பிடித்த பிறகுதான் கட்டு இறக்க வேண்டும். ஏறி நின்று ஒரு பக்கத்துக் கட்டை மட்டும் தள்ளினால், மீதி ஆளோடு சேர்ந்து மறுபக்கம் வரும். சைலன்சர் சூடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுவதற்கான காரணமும் இந்த மாதத்தில் மாறும். பாதித் தாரில் நெல் காய்கிறது, ராத்திரி அதைச் சுற்றிக் கருங்கல் வைத்திருக்கிறார்கள். பைக்காரன் கல்லில் விழுகிறான், கார்க்காரன் நெல்லில் வழுக்குகிறான். களம் கட்டிக் கொடுக்காமல் விவசாயியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கல்லில் ஒரு பட்டை வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம்.

ஜனவரி 23

பெல்ட் டைப் (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும்) அறுவடை வண்டி புதைந்தது என்று படம் போட்டவருக்கு. சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த வண்டியாக இருக்கும், அந்த டிரைவருக்கே இது தெரியும், கேளுங்கள். வண்டியின் அகலத்தைவிட நீளமான ஒரு கட்டையை, சவுக்குக் கழி போதும், இரண்டு பெல்ட்டுக்கும் முன்னால் குறுக்காக வைத்து, பெல்ட்டோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டுங்கள். மெதுவாக ஓட்டினால் பெல்ட் சுழன்று கட்டையைக் கீழே இழுக்கும், வண்டி அதன் மேல் ஏறும். கட்டை பின்பக்கம் வந்ததும் நிறுத்திக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலே சுற்றி வந்து மட்கார்டைப் பிய்க்கும். அறுக்கும் தலையை மேலே தூக்கிவையுங்கள். டேங்கில் நெல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு அறுவடை வண்டியைக் கொண்டுவந்து இழுக்காதீர்கள். அந்த ரகப் படமும் நிறைய வரும் இந்த மாதம்.

ஜனவரி 24

இழுவைப் பெல்ட் வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: நிறத்தைப் பாருங்கள். ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. காருக்கு மஞ்சள் இரண்டு போதும், லாரிக்கு சிவப்புக்குக் குறையாமல். லேபிள் கிழிந்துபோனது, ஓரத்தில் நூல் பிரிந்தது, வெயிலில் வெளிறியது எதையும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். களி ஒட்டிய பெல்ட்டை அப்படியே சுருட்டி வைக்காமல் வாய்க்காலில் அலசி நிழலில் காயப்போடுங்கள், உள்ளே தங்கும் மணல் நூலை அறுக்கும். செகண்ட் ஹேண்ட் கப்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள், அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன், ஒன்று இங்கே விலைக்கு வந்திருக்கிறது.